ஏறுறதுக்கு முன்னாடி போர்டைப் பாருங்க

(கொடைரோட்டில் கணினி பயிலும் மாணவர்களிடமும் இ-சேவை மைய நடத்துநர்களிடமும் பேசிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. கட்டளைகள் காதில் விழும் விதத்தில் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)



நம்ம ஊரு ரயில் நிலையத்தை உங்களுக்கு நான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடியற்காலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். கொடைக்கானல் போகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு, குழந்தையை ஒரு தோளிலும் பையை ஒரு தோளிலும் போட்டுக்கிட்டு இறங்குவாங்க. வெளியே வந்தா ஒரு பஸ் வத்தலக்குண்டு பக்கம் போகும், ஒண்ணு நிலக்கோட்டை போகும், ஒண்ணு திண்டுக்கல், ஒண்ணு மதுரை. எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரிதான் இருக்கும். போர்டைப் பார்க்காம ஏறினவர் கண்ணை மூடித் தூங்கிட்டா, முழிக்கிறப்போ மலை அடிவாரத்தில் இருக்க மாட்டார், மதுரையில் இருப்பார்.

இன்னைக்கு நான் பேச வந்தது கணினியில் அதே போர்டைப் பற்றித்தான். அரசுச் சேவையோ தனியார் சேவையோ, இன்று பல மென்பொருள்கள் கன்டெய்னர்களில்தான் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கிறவர் தன் மடிக்கணினியில் உட்கார்ந்து ஒரு வரிக் கட்டளை அடிக்கிறார். அந்தக் கட்டளை எந்த சர்வருக்குப் போகிறது என்பதை முடிவு செய்யும் அமைப்புக்குப் பெயர் ‘கான்டெக்ஸ்ட்’. அதைச் சரியாக வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கன்டெய்னர் என்றால் என்ன?

நம்ம நான்கு வழிச் சாலையில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீங்க. உள்ளே நூல் இருக்கலாம், தோல் இருக்கலாம், இயந்திரம் இருக்கலாம். பெட்டியின் அளவு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று. அதனால் லாரியிலும் ஏறும், ரயிலிலும் ஏறும், கப்பலிலும் ஏறும். நடுவில் யாரும் பெட்டியைத் திறந்து சரக்கை மாற்றி அடுக்க வேண்டியதில்லை.

மென்பொருள் கன்டெய்னரும் அப்படித்தான். ஒரு செயலியும் அது ஓடத் தேவையான துணைக்கோப்புகளும் ஒரே பெட்டிக்குள். என் மடிக்கணினியில் ஓடிய பெட்டி டெஸ்ட் சர்வரிலும் ஓடும், மக்கள் பயன்படுத்தும் லைவ் சர்வரிலும் ஓடும். 2013-ல் வந்த டாக்கர் இதை எல்லோர் கைக்கும் எட்டும்படி செய்தது. பல சர்வர்களில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை மேய்க்க, 2014-ல் கூகுள் குபர்னெட்டீஸைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது.

இது ஏதோ அமெரிக்காவில் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். கொரோனா தடுப்பூசி போட்டபோது க்யூஆர் குறியோடு நமக்கெல்லாம் ஒரு சான்றிதழ் வந்தது இல்லையா? கோவின் தளம் அந்தச் சான்றிதழைத் தயாரிக்கப் பயன்படுத்தியது ‘டிவோக்’ என்ற திறந்த மூல மென்பொருள். பெங்களூரைச் சேர்ந்த இ-கவ் அறக்கட்டளை உருவாக்கியது. கன்டெய்னர்களாக, குபர்னெட்டீஸ் மேல் ஓடும்படி அமைக்கப்பட்டது. இலங்கையும் தன் தடுப்பூசிச் சான்றிதழுக்கு இதே மென்பொருளை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி போடத் தொடங்கி, 2022 ஜூலை 17-ல் 200 கோடி டோஸைத் தாண்டினோம். அத்தனை பெரிய வேலைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கருப்புத் திரையில் கட்டளை அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கட்டளை இங்கே, வேலை அங்கே

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் மனசில் வாங்க வேண்டியது இதுதான். ‘டாக்கர்’ என்று நாம் அடிக்கிற கட்டளை வேலை செய்வதில்லை. அது ஒரு தூதன். வேலை செய்கிற எஞ்சின் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றும் மாற்றாமல் விட்டால் நம்ம கணினியிலேயே இருக்கும் எஞ்சினிடம் தூதன் போவான். முகவரியை மாற்றினால், சென்னையில் உள்ள சர்வரிடம் போவான். திரை அதே திரை. கட்டளை அதே கட்டளை. போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு.

பெரும்பாலான குழுக்களில் குறைந்தது மூன்று சூழல் இருக்கும். சொந்தக் கணினி ஒன்று. டெஸ்ட் சர்வர் ஒன்று. லைவ் சர்வர் ஒன்று. மூன்றிலும் ஒரே செயலி, ஒரே பெயர்களில் ஓடும். அதுதான் கன்டெய்னரின் நன்மை. ஆபத்தும் அங்கேதான் இருக்கு.

நான் பண்ணின தப்பு

அடுத்தவர் தப்பைச் சொல்லும் முன், என் தப்பைச் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னால், மக்கள் விண்ணப்பத்தோடு ஆவணங்களைப் பதிவேற்றுகிற ஒரு சேவையின் பராமரிப்புக் குழுவில் இருந்தேன். எந்த அலுவலகம், எந்தச் சேவை என்பது இங்கே முக்கியமில்லை, தப்பு என்னுடையது.

ஜூன் மாதம். கல்லூரிச் சேர்க்கை நேரம். என் திரையில் இரண்டு டெர்மினல் ஜன்னல் திறந்திருந்தது. இடது ஜன்னலில் டெஸ்ட் சர்வரில் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். நடுவில் ஒரு சந்தேகம் வந்து, வலது ஜன்னலில் ‘டாக்கர் கான்டெக்ஸ்ட் யூஸ் லைவ்’ என்று அடித்து, லைவ் சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். பார்த்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து இடது ஜன்னலில், டெஸ்ட் சர்வரைச் சுத்தம் பண்ணுவதாக நினைச்சு, ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ என்று அடித்து, சேமிப்பகத்தையும் சேர்த்து நீக்கும் ‘வி’ குறியையும் போட்டேன்.

அந்தக் கட்டளை "உறுதியா?" என்று கேட்காது. கேட்கவும் இல்லை.

எனக்குத் தெரியாம இருந்தது என்னன்னா, ‘கான்டெக்ஸ்ட் யூஸ்’ என்பது ஒரு ஜன்னலுக்கு மட்டும் உரியது இல்லை. டாக்கர் அதை உங்கள் கணினியில் உள்ள அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கிறது. திறந்திருக்கும் எல்லா ஜன்னலும் அந்த ஒரே கோப்பைத்தான் படிக்கும். வலது ஜன்னலில் நான் மாற்றியபோதே இடது ஜன்னலும் லைவுக்கு மாறிடுச்சு. போர்டு மாறினது எனக்குத் தெரியலை.

முந்தின இரவு எடுத்த காப்பு நகல் இருந்தது. சேவை சாயங்காலத்துக்குள் எழுந்துடுச்சு. ஆனா அன்னைக்குக் காலையில் வந்தவங்க பதிவேற்றிய ஆவணங்கள் போனது போனதுதான். அவங்க எல்லாம் மறுபடி வர வேண்டியதாச்சு.

அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தேன். அம்மா சோறு போட்டுக்கிட்டே சொன்னாங்க: "நம்ம எதுத்த வீட்டு அக்கா பாவம்டா. மக சேர்க்கைக்கு எல்லாம் கொடுத்துட்டு வந்திருக்கா. கம்ப்யூட்டர்ல ஏறலை, மறுபடி வாங்கன்னு சொல்லிட்டாங்களாம். திராட்சைத் தோட்டத்து வேலையை விட்டுட்டு ரெண்டு நாள் அலைஞ்சிருக்கா."

நான் ஒன்றும் பேசலை. ரெண்டு நாள் கூலி. எனக்கு அது ஒரு வரி. இப்பவும் அந்த அக்கா எதிரில் வந்தா எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

உலகம் அறிந்த ஒரு தவறு

இப்படி இடம் மாறி அடிப்பது அனுபவம் இல்லாதவர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீங்க. கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். அவர்களிடம் இரண்டு தரவுத்தள சர்வர்கள். ஒன்று முதன்மை, இன்னொன்று அதன் நகல். நகலில் கோளாறு. அதைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்பலாம் என்று ஒரு பொறியாளர் நீக்கும் கட்டளையை அடித்தார். அடித்த இடம் முதன்மை சர்வர். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் தரவு அழிந்துவிட்டது.

காப்பு நகலாவது இருந்ததா? தானாக எடுக்கப்படுவதாக நம்பிய நகல், பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படாமலேயே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை.

அதன்பின் அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று ரொம்ப எளிமையானது: கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்திலேயே, இது எந்த சர்வர், எந்தச் சூழல் என்று பளிச்சென்று தெரிய வேண்டும். அதாவது, பஸ்ஸுக்கு போர்டு மாட்டினார்கள்.

டாக்கரில் போர்டு மாட்டுவது எப்படி?

முன்பெல்லாம் ‘டாக்கர்-ஹோஸ்ட்’ என்ற சூழல் மாறியில் சர்வரின் முகவரியை நேரடியாக எழுதி வேலை செய்தோம். 2019-ல் வந்த 19.03 பதிப்பில் ‘கான்டெக்ஸ்ட்’ சேர்க்கப்பட்டது. ஒரு பெயர், அதற்குள் ஒரு முகவரி, தேவையான சாவிகள். அவ்வளவுதான்.

‘டாக்கர் கான்டெக்ஸ்ட் கிரியேட்’ என்று அடித்து, பெயரையும் முகவரியையும் கொடுத்தால் புதிதாக ஒன்று உருவாகும். தொலைவில் உள்ள சர்வர் என்றால் எஸ்எஸ்ஹெச் வழியான முகவரியைக் கொடுங்க. விளக்கம் எழுதவும் ஓர் இடம் உண்டு. "மக்கள் பயன்படுத்துவது, கவனம்" என்று அதில் எழுதி வைக்கலாம். ‘டாக்கர் கான்டெக்ஸ்ட் எல்எஸ்’ என்று அடித்தால் பட்டியல் வரும். இப்போது எது நடப்பில் இருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ‘டாக்கர் கான்டெக்ஸ்ட் ஷோ’ என்றால் நடப்பில் உள்ள பெயரை மட்டும் சொல்லும்.

ஒரு பொறி இருக்கு, கவனிங்க. யாரோ எப்போதோ ‘டாக்கர்-ஹோஸ்ட்’ மாறியை அமைத்துவிட்டு மறந்திருந்தால், நீங்கள் ‘யூஸ்’ போட்டுத் தேர்ந்தெடுத்த கான்டெக்ஸ்ட் செல்லாது. மாறியில் உள்ள முகவரிக்குத்தான் கட்டளை போகும். டாக்கர் ஓர் எச்சரிக்கை காட்டும். நாம் படிக்காமல் கடந்துவிடுவோம். அதனால் புதிய கணினியில் உட்கார்ந்ததும், அந்த மாறி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்க.

என்னை விழவைத்த குழிக்கு மருந்து என்ன? லைவுக்கு ‘யூஸ்’ போடவே போடாதீங்க. லைவில் ஒரு வேலை என்றால் அந்த ஒரு கட்டளையிலேயே ‘ஹைபன் ஹைபன் கான்டெக்ஸ்ட்’ என்று சேர்த்து, லைவின் பெயரைக் கொடுத்து அடிங்க. கட்டளை முடிந்ததும் நீங்கள் பழையபடி உங்கள் சொந்தக் கணினியிலேயே இருப்பீங்க. நீண்ட நேரம் வேலை இருந்தால், ஒரு தனி ஜன்னலில் மட்டும் ‘டாக்கர்-கான்டெக்ஸ்ட்’ என்ற சூழல் மாறியை அமைத்துக்கொள்ளலாம். அது அந்த ஜன்னலோடு முடிந்துவிடும்.

டாக்கருக்குப் பதில் பாட்மேன் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே அதன் பெயர் ‘பாட்மேன் சிஸ்டம் கனெக்‌ஷன்’.

குபர்னெட்டீஸில்: மூன்று பட்டியல்

குபர்னெட்டீஸின் கட்டளைக் கருவி ‘கியூப்-சிடிஎல்’. அது படிக்கும் கோப்பு உங்கள் வீட்டு அடைவில், ‘டாட் கியூப்’ என்ற மறைவான அடைவுக்குள் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் இருக்கும். திறந்து பார்த்தால் பயமாக இருக்கும். உண்மையில் மூன்றே பட்டியல்தான்.

முதல் பட்டியல், கிளஸ்டர்கள்: எங்கே போவது. இரண்டாவது, பயனர்கள்: யாராகப் போவது. மூன்றாவது, கான்டெக்ஸ்ட்கள்: முதல் பட்டியலில் ஒன்றையும் இரண்டாவதில் ஒன்றையும் சேர்த்து, வேண்டுமானால் எந்த நேம்ஸ்பேஸ் என்பதையும் சேர்த்து வைக்கும் ஒரு பெயர். எந்த ஊர், யார் பெயரில் டிக்கெட், எந்தப் பெட்டி என்று ரயில் டிக்கெட்டில் இருப்பது போல.

‘கியூப்-சிடிஎல் கான்ஃபிக் கெட்-கான்டெக்ஸ்ட்ஸ்’ பட்டியலைக் காட்டும். ‘கரன்ட்-கான்டெக்ஸ்ட்’ இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். ‘யூஸ்-கான்டெக்ஸ்ட்’ மாற்றும். இங்கேயும் அதே எச்சரிக்கைதான்: மாற்றம் கோப்பில் எழுதப்படுகிறது, எல்லா ஜன்னலுக்கும் மாறும்.

மேகக் கணினி நிறுவனங்கள் கொடுக்கும் பெயர்கள் அரை வரி நீளத்துக்கு இருக்கும். டெஸ்டுக்கும் லைவுக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் இருக்கும். ‘ரீநேம்-கான்டெக்ஸ்ட்’ என்று அடித்து உடனே சின்ன, தெளிவான பெயராக மாற்றிடுங்க.

டெஸ்டுக்கு ஒரு கோப்பு, லைவுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைப்பது இன்னும் நல்லது. ‘கியூப்கான்ஃபிக்’ என்ற சூழல் மாறியில் எந்தக் கோப்பைச் சொல்கிறீர்களோ அந்த ஜன்னல் அதை மட்டும் படிக்கும். டெஸ்ட் ஜன்னலுக்கு லைவின் முகவரியே தெரியாவிட்டால், தப்பாகப் போகவும் வழியில்லை. ‘கியூப்-பிஎஸ்1’ என்ற இலவசக் கருவி, கான்டெக்ஸ்டின் பெயரை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் காட்டும். லைவ் என்றால் சிவப்பு நிறம் என்று அமைத்துக்கொள்ளுங்க.

சாவிக்கொத்து யார் கையில்?

திண்டுக்கல்காரங்ககிட்ட பூட்டைப் பற்றிச் சொன்னா அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்மது. ஆனாலும் சொல்றேன். பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சாவியை வாசலில் தொங்கவிட்டால் பயனில்லை.

குபர்னெட்டீஸின் அந்தக் கோப்பு வெறும் முகவரிப் புத்தகம் இல்லை. பெரும்பாலும் சாவியும் அதற்குள்ளேயே இருக்கும். டாக்கர் கான்டெக்ஸ்டை ஏற்றுமதி செய்யும் கோப்பிலும் சான்றுச் சாவிகள் சேர்ந்து போகலாம். "அண்ணே, அந்த கான்ஃபிக்கைக் கொஞ்சம் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் அனுப்பாதீங்க. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனி அனுமதி வாங்கித் தாங்க. கோப்பின் அனுமதியை 600 என்று வைத்தால் உங்களைத் தவிர அந்தக் கணினியின் மற்றப் பயனர்கள் படிக்க முடியாது.

முன்பின் தெரியாதவர் கொடுத்த கான்ஃபிக் கோப்பை வாங்கிப் பயன்படுத்துவதும் ஆபத்து. அந்தக் கோப்பு உங்கள் கணினியில் வேறொரு நிரலை ஓட்டும்படி எழுதப்பட்டிருக்க முடியும். குபர்னெட்டீஸின் அதிகாரபூர்வ ஆவணமே இதை எச்சரிக்கிறது.

இன்னொன்று: டாக்கர் எஞ்சினை 2375 என்ற போர்ட்டில் இணையத்துக்குத் திறந்துவிடாதீங்க. அதில் குறியாக்கமும் இல்லை, ஆளைச் சரிபார்ப்பதும் இல்லை. அப்படித் திறந்து கிடக்கும் சர்வர்களைத் தேடிப் பிடித்து, கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களை ஏற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கு. எஸ்எஸ்ஹெச் வழியே போதும். அந்த சர்வரில் டாக்கர் குழுவில் சேர்க்கப்படும் பயனர், நடைமுறையில் முழு நிர்வாகி அதிகாரம் உள்ளவர் என்பதையும் மறக்காதீங்க. அந்தக் குழுவில் யார் யார் என்று அடிக்கடி பாருங்க.

நாளைக்கே தொடங்க ஏழு பழக்கம்

1. பெயரில் குழப்பம் வேண்டாம். ‘சர்வர் 1’, ‘சர்வர் 2’ என்று வைக்காமல் சொந்தக் கணினி, டெஸ்ட், லைவ் என்று தெரியும்படி வையுங்க.

2. நடப்புக் கான்டெக்ஸ்ட் எப்போதும் சொந்தக் கணினியாகவோ டெஸ்டாகவோ இருக்கட்டும். லைவ் அப்படி இருக்கவே கூடாது.

3. நீக்கும், நிறுத்தும் கட்டளை எதுவானாலும், அதற்கு முன் எங்கே இருக்கிறோம் என்று ஒருமுறை அடித்துப் பாருங்க. மூன்று நொடிதான் ஆகும்.

4. லைவுக்கு இரண்டு அனுமதி வாங்குங்க. தினசரி வேலைக்குப் பார்வையிட மட்டும் அனுமதி. குபர்னெட்டீஸில் ‘வியூ’ என்ற தயார்நிலைப் பொறுப்பே இருக்கு. மாற்றம் செய்யும் அனுமதி தேவைப்படும்போது மட்டும். ‘கியூப்-சிடிஎல் ஆத் கேன்-ஐ’ என்று கேட்டால், ஒரு வேலையைச் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா என்று அதுவே சொல்லும்.

5. மாற்றுவதற்கு முன் ‘கியூப்-சிடிஎல் டிஃப்’ போட்டு, என்ன மாறப்போகிறது என்று படியுங்க. இரண்டாவது ஆள் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்க.

6. காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது அதைத் திரும்ப ஏற்றிப் பாருங்க. ஏற்றிப் பார்க்காத நகலை நம்பித்தான் கிட்லேப் ஏமாந்தது.

7. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குங்க. பயன்படாத கான்டெக்ஸ்டுகளையும் அழித்துவிடுங்க.

இ-சேவை மையத்தில் இருப்பவர்கள் இந்தக் கட்டளை எதையும் அடிக்கப் போவதில்லை. ஆனால் உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. ஒரு விண்ணப்பம் ஏறவில்லை என்றால், "சர்வர் டவுன்" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடாமல், எத்தனை மணிக்கு, எந்தச் சேவை, என்ன செய்தி வந்தது என்று குறித்து வைத்து மேலே தெரிவியுங்க. எதிர்ப்பக்கம் தேடுகிறவருக்கு அந்த நேரக் குறிப்புதான் விளக்கு. வந்தவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்க. சரியானதும் நீங்களே கூப்பிட்டுச் சொன்னால் அவருக்கு ஒரு நடை மிச்சம்.

மாணவர்களே, நீங்கள் நாளைக்கு சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து கட்டளை அடிக்கப் போறீங்க. திரையில் தெரிவது பெயர்களும் எண்களும்தான். அதுக்கு அந்தப் பக்கம், தோட்டத்து வேலைக்கு லீவு போட்டுட்டு வரிசையில் நிற்கிற ஓர் அக்கா இருக்காங்க. என்டர் விசையைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போர்டைப் பாருங்க.